சி90-இலை சிக்னல் சுவிட்ச் ஏன் வலது கைப்பக்கம்? பழைய ஜப்பான் மோட்டச்சைக்கிள் ஆக்கள் ஒருக்கா வாங்கோ

மண்ணெண்ணைப்_பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பான்ரை ஹொண்டா சி90 ஒண்டு யாழ்ப்பாணத்திலை கொக்குவில் வீட்டிலை நிக்குது. ஜப்பானிலை ஆரோ ஓடி முடிச்சு, கப்பலிலை வந்து இறங்கினதை அப்பா 1988-இலை வாங்கினவர், நான் அப்ப பிறக்கவே இல்லை. யுத்தத்திலை 95 இடப்பெயர்வுக்குத் தென்மராட்சிக்குப் போனதும் அதிலைதான், அப்பா அம்மா நான், பின்னாலை அம்மான்ரை தையல் மெசின் தலை சாக்கிலை கட்டினபடி. வித்தாச்சு எண்டு நாலைஞ்சு தரம் முடிவெடுத்து நாலைஞ்சு தரமும் அப்பா காசைத் திருப்பிக் குடுத்திட்டார்.

இப்ப விசயம் என்னெண்டால் சிக்னல் சுவிட்ச் உடைஞ்சு போச்சு. கராஜிலை குடுத்தன், அந்தப் பொடியன் ஒரு சீன சுவிட்ச் வாங்கி இடது பக்கம் போட்டுத் தந்திட்டான். முந்தி இருந்தது வலது பக்கம், அதுவும் மேலை கீழை தட்டுற மாதிரி. அப்பாக்கு 71 வயசு, சந்தியிலை திரும்பேக்கை இன்னும் வலது கட்டை விரலாலைதான் சுவிட்சைத் தேடுறார், அங்கை ஒண்டும் இல்லை, சிக்னல் போடாமலே திரும்புறார், பின்னாலை வாற பஸ்காரன் பேசிப்போட்டுப் போறான். கராஜ் பொடியனிட்டைக் கேட்டால் "ஜப்பான்காரன் பிழையாப் போட்டுட்டான், நான் சரியாப் போட்டிருக்கிறன்" எண்டுறான். உலகத்திலை மற்ற மோட்டச்சைக்கிள் கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் இடது பக்கம்தானே, இதுக்கு மட்டும் ஏன் இப்பிடி? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பஞ்சர்_பாண்டி

ஜப்பான்காரன் தப்பா போட்டான் இவர் சரி பண்ணிட்டாராம்ல. அந்தத் தம்பிக்கு ஒரு சிலை வைங்கண்ணே. பதில் தெரியாது, சும்மா உக்காந்து படிக்கிறேன்.

இவாட்டா_இளங்கோ

தப்பெல்லாம் இல்ல, வேணும்னே போட்டது. நான் ஜப்பான்ல இவாட்டாவுல ஒன்பது வருஷமா வேலை பாக்குறேன், ஹமமட்சுவுக்குப் பக்கத்து ஊரு, இந்தப் பக்கம் வயசானவங்களைக் கேட்டா இந்தக் கதையை உடனே சொல்லிடுவாங்க.

உங்க சி90 ஹோண்டாவோட சூப்பர் கப் வகைதான். அந்த சூப்பர் கப் முதல்ல வந்தது 1958 ஆகஸ்ட்ல. ஹோண்டாவுல சோய்ச்சிரோ ஹோண்டா இன்ஜின் பக்கம், வியாபாரம் பூரா தக்கேயோ ஃபுஜிசாவா பக்கம். ஃபுஜிசாவா மனசுல இருந்த கஸ்டமர் யாருன்னா சோபா கடை டெலிவரி பையன். அந்தக் காலத்துல பெட்டி பெட்டியா அடுக்கி இடது கையால தோள்ல தாங்கிக்கிட்டு வலது கையால மட்டும் சைக்கிள் ஓட்டிக்கிட்டு தெருத்தெருவா போவாங்க. அவன் ஓட்டற மாதிரி வண்டி வேணும்னுதான் கிளட்ச் லீவரே கிடையாது, காலால கியர் மிதிச்சா கிளட்ச் தானா விட்டுப் பிடிக்கும். ஆக்சிலேட்டர் வலது, முன் பிரேக் வலது, சிக்னலும் வலது. இடது கைக்கு வேலையே குடுக்கல. கட்டை விரல் ஆக்சிலேட்டரைப் புடிச்சிருக்கும்போது பக்கவாட்டுல தள்றதை விட மேல கீழ தட்டுறது சுலபம், அதான் அப்படி. ஜப்பான் உள்ளூர் கப்ல ரொம்ப வருஷம் இப்படியேதான் இருந்துச்சு. 2012-ல மாடல் மாத்தினப்பதான் இடது பக்கம் போச்சு.

அப்பா கிட்ட சொல்லுங்க, அவர் விரல்தான் சரி.

பஞ்சர்_பாண்டி

ஒரு கையில சோபாவைத் தூக்கிக்கிட்டு இன்னொரு கையில வண்டியா?? மூணு பேர் உக்கார்றதா ஒத்தை ஆள் உக்கார்றதா 😂

இவாட்டா_இளங்கோ

யோவ் சாப்பிடற சோபாய்யா. நூடுல்ஸ்.

மண்ணெண்ணைப்_பொடியன்

அண்ணை நன்றி, இதை வாசிச்சுப்போட்டு அப்பாவை விடப் போய் சைக்கிளைத்தான் முதல் பாத்தனான் 😀 முப்பது வரியமா ஒரு நூடுல்ஸ் கடைப் பொடியனுக்காகச் செய்த மோட்டச்சைக்கிளிலை நாங்கள் போயிருக்கிறம்.

எங்கடை ஊரிலை சி50, சி90, எம்டி90, சாளி எண்டு எங்கை பாத்தாலும் உதுகள்தான். பேர் ஏன் மண்ணெண்ணைப் பொடியன் எண்டு முந்தி ஒருத்தர் கேட்டவர், இப்ப சொல்றன். பொருளாதாரத் தடைக் காலத்திலை பெற்றோல் இல்லை, கிடைச்சாலும் விலை கேக்கேலாது. எல்லாரும் மண்ணெண்ணையிலைதான் ஓடினது. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணையிலை பத்தாது, அதுக்கு அப்பா ஒரு சின்ன மருந்துப் போத்தலிலை பெற்றோல் வைச்சிருப்பார், அம்மான்ரை நகையை விடக் கவனமா. காபரேட்டருக்கை நாலைஞ்சு துளி விட்டு, உதைச்சு, எஞ்சின் சூடாகும் வரைக்கும் துளித்துளியா விட்டு, பிறகு அது தன்பாட்டிலை மண்ணெண்ணையைக் குடிக்கத் தொடங்கும். வெள்ளைப் புகை. அந்த மணம் இப்பவும் எங்கையும் மணத்தால் எனக்குப் பள்ளிக்கூடம் போற காலை நேரம்தான் ஞாபகம் வரும், கண் எரியும், அப்பான்ரை முதுகிலை முகத்தை ஒட்டிக்கொண்டு இருப்பன். பிளக்கை வாரத்துக்கு ரெண்டு தரம் கழட்டி மண்தாளாலை தேய்க்கிறது என்ரை வேலை.

பாவம் அந்த எஞ்சின், செய்தவன் கண்டிருந்தால் அழுதிருப்பான்.

இவாட்டா_இளங்கோ

அழுதிருக்க மாட்டார். இதைப் படிச்சதும் சிலிர்த்துப் போச்சு, ஏன்னு சொல்றேன்.

ஹோண்டாவோட ஆரம்பமே இதே கதைதான். 1945-ல குண்டு வீச்சுல ஹமமட்சு தரைமட்டம். சோய்ச்சிரோ அதுக்கு முன்னாடி பிஸ்டன் ரிங் ஃபேக்டரி வச்சிருந்தார், போர் முடிஞ்சதும் அதை டொயோட்டாவுக்கு வித்துட்டார். 1946-ல ஒரு சின்னக் கொட்டகை. ராணுவ வயர்லெஸ் செட்டுக்கு கரண்ட் எடுக்க வச்சிருந்த குட்டி ஜெனரேட்டர் இன்ஜின்கள் சும்மா கெடந்துச்சு, அதை வாங்கி சைக்கிள்ல மாட்டினார். முதல் வண்டிக்கு பெட்ரோல் டேங்க் கூட கிடையாது, குளிர் காலத்துல படுக்கையில வைக்கிற வெந்நீர் டப்பா இருக்கே, யுத்தான்போன்னு சொல்லுவாங்க, அதைத்தான் டேங்கா கட்டியிருந்தார். அவர் சம்சாரம் அதை ஓட்டிக்கிட்டு ஊரைச் சுத்தினாங்க. சத்தம் பட்டபட்டன்னு வந்ததால சனங்க அதுக்கு வச்ச பேரே பட்டபட்டா.

இப்ப மேட்டருக்கு வரேன். அப்ப இங்கயும் பெட்ரோல் ரேஷன். என்ன பண்ணினாங்க தெரியுமா, பைன் மர வேர்ல இருந்து எண்ணெய் எடுத்து பெட்ரோல்ல கலந்து ஓட்டினாங்க. டர்பன்டைன் நாத்தம், புகை, ஸ்டார்ட் ஆகறதுக்குள்ள உயிர் போகும், பிளக் அடைச்சுக்கும். உங்க வீட்டுல நடந்ததை ஹமமட்சுக்காரங்க நாப்பது அம்பது வருஷம் முன்னாடியே பண்ணி முடிச்சிட்டாங்க. பஞ்சத்துல பொறந்த இன்ஜின், பஞ்சத்துல ஓடினதுல ஆச்சரியம் இல்ல.

அப்புறம் எம்டி90 சொன்னீங்களே, அது இங்க தபால்காரர் வண்டி. சிவப்புக் கலர், 14 இஞ்ச் சக்கரம், முன்னாடி சாதாரண கப் மாதிரி இல்லாம டெலஸ்கோப்பிக் ஃபோர்க், அதாவது குழாய்க்குள்ள குழாய் போய் வர்ற சஸ்பென்ஷன். நாள் பூரா நூறு எடத்துல நிறுத்தி நிறுத்திக் கிளப்புற வண்டி. யாழ்ப்பாணத்துல ஓடற எம்டி90 ஒவ்வொண்ணும் ஜப்பான்ல ஏதோ ஒரு தெருவுல வாழ்த்து அட்டை குடுத்துட்டுதான் வந்திருக்கும்.

மண்ணெண்ணைப்_பொடியன்

வெந்நீர் டப்பா டாங்கி 😳 இதை அப்பாட்டைச் சொல்லத்தான் வேணும்.

டூஸ்ட்ரோக்_தாசன்

எல்லாம் சரி ப்ரோ, ஆனா ரொம்ப புல்லரிக்க வேணாம். ஜப்பான்காரன் ஆரம்பத்துல பண்ணதெல்லாம் ஈயடிச்சான் காப்பி. நான் யமஹா வெறியன், ஆர்எக்ஸ் 100 ரெண்டு வச்சிருக்கேன், இருந்தாலும் உண்மைய சொல்லணும்ல. யமஹாவோட முதல் வண்டி ஒய்ஏ-1, 1955, அது அப்படியே ஜெர்மனி டிகேடபிள்யூ ஆர்டி125. கவாஸாகி டபிள்யூ1 பாத்தா பிஎஸ்ஏ மாதிரியே இருக்கும், ஏன்னா அவங்க வாங்கிப் போட்ட மெகுரோ கம்பெனி பிஎஸ்ஏவப் பாத்து பண்ணது. சுசூகி கதை இன்னும் மோசம், 1961-ல கிழக்கு ஜெர்மனி எம்இசட் ரேஸ் டீம்ல இருந்து எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் ரேஸுக்குப் போன எடத்துலயே தப்பிச்சு வந்துட்டான், அங்க கத்துக்கிட்ட டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலோட ஆயிலும் சேந்து எரியிற இன்ஜின்) ரகசியம் பூரா சுசூகிக்கு. அடுத்த வருஷமே 50 சிசி வேர்ல்ட் சாம்பியன். இத என்னன்னு சொல்லுவீங்க?

இவாட்டா_இளங்கோ

ஆர்டி125-ஐ காப்பி அடிக்காதவன் யாரு? போர்ல ஜெர்மனி தோத்ததும் டிசைன் எல்லாருக்கும் போச்சு. இங்கிலாந்துல பிஎஸ்ஏ பான்டம், அமெரிக்காவுல ஹார்லி கூட ஒரு 125 பண்ணுச்சு, ரஷ்யாக்காரன் பண்ணான். ஆனா அதுல யமஹா பண்ணதைத்தான் இவாட்டாவுல அவங்க மியூசியத்துல நேர்ல போய்ப் பாக்கணும். அந்தக் காலத்துல பைக்னா கறுப்பு, அவ்வளவுதான். இது அரக்குச் சிவப்பும் தந்த நிறமும், ஒல்லியா, அகா-தொம்போன்னு பேரு, செந்தும்பி. பக்கத்துல போய்க் குனிஞ்சு பாத்தேன், டேங்க்ல பெயின்ட் கோடு போட்டிருக்கிற நேர்த்தி, பியானோ பண்றவன் கைன்னு தெரியுது. கம்பெனி பியானோ, ஆர்கன் பண்ற கம்பெனிதானே. போர் சமயத்துல விமான புரொப்பெல்லர் பண்ண மிஷின்கள் சும்மா கெடந்துச்சு, அதை என்ன பண்றதுன்னு யோசிச்சதுல வந்ததுதான் பைக். லோகோவுல இருக்கிறது சுருதி பாக்குற ட்யூனிங் ஃபோர்க் மூணு.

1955 ஜூலை 1-ந் தேதி யமஹா மோட்டார்னு தனிக் கம்பெனி பதிவு பண்ணாங்க, அதே மாசம் ஃபுஜி மலை ஏறுற ரேஸ்ல 125 பிரிவுல இந்தச் செந்தும்பி ஜெயிச்சிருச்சு. அனுபவசாலி கம்பெனிகள் எல்லாம் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

லேத்து_மாமா

ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கனுங்க, கை சும்மா இருக்க மாட்டேங்குது. கோயமுத்தூர் கணபதியில 41 வருசமா லேத்துப் பட்டறை, போரிங், ஹோனிங். ஜப்பான் பக்கம் போனதில்லைங்க, ஆனா அவிங்க இன்ஜின் நூத்துக்கணக்குல கையில வந்து போயிருக்கு. காப்பியா இல்லையான்னு பேசறது வெட்டிப் பேச்சு கண்ணு. வடிவத்தக் காப்பி அடிக்கலாம், அளவக் காப்பி அடிக்க முடியாது.

ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கற தம்பி, உங்க வண்டி போர் (சிலிண்டர் அகலம்) 50 மில்லி, ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி எறங்கற தூரம்) 50 மில்லி, தெரியுமல்லோ. அந்தக் கிராங்க் கேஸை, இன்ஜினோட அடிக்கூட்டைப் பிரிச்சுப் பாத்திருக்கீங்களா? ரெண்டு பாதிக்கும் நடுவுல கேஸ்கெட்டே (கசிவு அடைக்கற தாள்) கெடையாதுங்க, லேசா பாண்டு பசை தடவி மூடுனா போதும், பொட்டு ஆயில் கசியாது. அந்த முகத்துல விரலை ஓட்டிப் பாத்தா கண்ணாடி மேல ஓட்டுனாப்ல இருக்கும். நான் அதைப் பாத்துட்டு எங்க பட்டறை மில்லிங் மிஷினைப் பாப்பேன், அப்புறம் டீ குடிக்கப் போயிருவேன்.

இதெப்படி வந்துச்சுன்னா மிஷினுங்க. 1952-ல ஹோண்டா கம்பெனிக்கு மூலதனமே 60 லட்சம் யென்தான். அப்ப அந்த மனுசன் அமெரிக்கா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்துல இருந்து 45 கோடி யென்னுக்கு மிஷின் டூல்ஸ் ஆர்டர் போட்டாரு. கணக்குப் போட்டுப் பாருங்க, மூலதனத்தப் போல 75 மடங்கு. நான் ஒரு செகண்ட் ஹாண்ட் சிஎன்சி வாங்க மூணு வருசம் யோசிச்சு கடைசில வாங்கலீங்க. கம்பெனி மூழ்கிப் போனாலும் மிஷின் நாட்டுல இருக்கும், ஆருக்காச்சும் உதவும்னு ஒரு நெனப்புல வாங்குனாங்கன்னு சொல்லுவாங்க. அப்புறம் வெள்ளை யூனிபார்ம். பட்டறையில வெள்ளை! அழுக்கானா தெரியோணும், தெரிஞ்சாத்தான் எடம் சுத்தமாகும்னு. எங்க பசங்களுக்கு நான் வாங்கிக் குடுத்தது கரும்பச்சை, நானே சொல்லிக்கறேன் 😄

1960-ல சுசுகா ஃபேக்டரி, சூப்பர் கப்புக்குன்னே கட்டுனது. சன்னலே இல்லாத கட்டடம், உள்ள பூரா ஏசி. தூசி வரப்படாது, சூடு ஏறி எறங்கி அளவு மாறப்படாது. மாசம் முப்பதாயிரம் வண்டி கணக்குப் பண்ணிக் கட்டுனது. நம்மூர்ல அந்த வருசம் மோட்டர் சைக்கிள் வச்சிருந்த வீட்டைக் கைவிட்டு எண்ணிரலாம்.

டூஸ்ட்ரோக்_தாசன்

மாமா இதுக்கு பதிலே இல்ல, சரண்டர். கேஸ்கெட் விஷயம் உண்மை, என் மெக்கானிக் ஒருத்தன் புத்திசாலித்தனமா பேப்பர் கேஸ்கெட் வெட்டிப் போட்டு கிராங்க் இறுக்கம் போய் வண்டி படுத்து நான் ரெண்டு மாசம் பஸ்ல போனேன்.

ஆனா எனக்கு அளவு கிளவு எல்லாம் அப்புறம், அந்த சவுண்டுதான். கவாஸாகி எச்1, 1969, மூணு சிலிண்டர் 500 சிசி டூ ஸ்ட்ரோக், 60 குதிரை, அந்த ஃபிரேமுக்கு அது ஜாஸ்தி, வெளிநாட்டுல அதுக்கு விதவையாக்குறவன்னே பட்டப்பேரு. நம்ம ஊர்ல ஆர்டி350 ராஜ்தூத் பேர்ல 83-ல வந்துச்சு, பெட்ரோல் குடிக்குதுன்னு எவனும் வாங்கல, இன்னிக்கி அதே ஆளுங்க லட்சக்கணக்குல குடுத்துத் தேடுறாங்க. ஆர்எக்ஸ் 100 1996-ல முடிஞ்சு போச்சு. புகை விதிமுறைன்னு டூ ஸ்ட்ரோக்க மொத்தமா கொன்னுட்டாங்க.

லேத்து_மாமா

கொல்லலைன்னா நம்மளக் கொன்றுக்கும் சாமி. எண்பதுகள்ல காந்திபுரம் சிக்னல்ல நின்னிருக்கீங்களா.

பஞ்சர்_பாண்டி

தம்பி உங்க சண்டைய விடுங்க. யமஹாவும் ஹோண்டாவும் வெட்டிக்கிட்ட கதை ஒண்ணு இருக்காமே, இளங்கோண்ணே அதச் சொல்லுங்க. அப்புறம் மாமா, ஹோண்டா சிபி750-ல சாண்ட் காஸ்ட்டு சாண்ட் காஸ்ட்டுங்கிறானுகளே, நெட்ல அதுக்கு ஒரு வீட்டு விலை போட்டுருக்கான், அது என்ன?

லேத்து_மாமா

சாண்ட் காஸ்ட்டுங்கறது பேருதானுங்க, உண்மையில மணல் அச்சு இல்லை. சிபி750 1968 டோக்கியோ ஷோவுல காட்டி 69-ல வித்தாங்க. நாலு சிலிண்டர், 736 சிசி, முன்னாடி டிஸ்க் பிரேக்கு, செல்ஃப் ஸ்டார்ட்டு, கடைக்குப் போய் வாங்கற வண்டியில இத்தனையும் ஒண்ணா அதுக்கு முன்ன கெடையாது. இத்தனை பெருசு எவன் வாங்குவான்னு அவிங்களுக்கே டவுட்டு, வருசத்துக்கு 1500 வண்டி ஓடுனாப் போதும்னு நெனச்சாங்க. அத்தனை கம்மிக்கு உருக்குன உலோகத்த அழுத்தி அடிக்கற பெரிய பிரஷர் டை காஸ்டிங் அச்சு செஞ்சா கட்டுபடியாகாது. அதனால கிராங்க் கேஸுக்கு இரும்பு அச்சுல உருக்குன அலுமினியத்த சும்மா ஊத்துனாங்க, கிராவிட்டி காஸ்டிங்னு சொல்லுவம். மேல சொரசொரன்னு வரும், பாக்கறவன் மணல்னு நெனச்சுக்கிட்டான்.

ஆனா நடந்ததென்ன, வருசக் கணக்கு மாசக் கணக்காப் போச்சு, மாசம் மூவாயிரம் வரைக்கும் போச்சு. உடனே டை காஸ்டிங்குக்கு மாறிட்டாங்க. முதல்ல ஊத்துன 7,414 வண்டி மட்டும் சொரசொரப்பு. நம்பிக்கை இல்லாமச் செஞ்ச பாகத்துக்குத்தான் இன்னைக்கு வீட்டு விலை. எங்க பட்டறை வேலை பூராவுமே அப்பிடித்தான் சொரசொரப்பா இருக்கும், அதுக்கு ஒருத்தனும் தர மாட்டேங்கறான்.

இவாட்டா_இளங்கோ

மாமா 😂😂

யமஹா ஹோண்டா கதை: இங்க ஹெச்ஒய் போர்னே சொல்லுவாங்க. 1981-ல யமஹா பெரிய புது ஃபேக்டரி கட்டி ஹோண்டாவைத் தாண்டி உலகத்துல முதலிடம்னு சவால் விட்டுச்சு. ஹோண்டா அப்ப கார்ல மும்முரமா இருந்துச்சு, கவனிக்காதுன்னு நெனச்சாங்க. கவனிச்சது. ஒன்றரை வருஷத்துல ஹோண்டா எறக்கினது 113 புது மாடலும் மாத்தின மாடலும், யமஹாவால 37தான் முடிஞ்சது. கடைசியில யமஹா கிட்ட விக்காத வண்டி குடோன் குடோனா தேங்கிப் போச்சு. 83-ல யமஹா தலைவரே வெளிப்படையா தோல்வியை ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டார். வேலை போனவங்க கதை தனி. பைக் ரசிகனுக்கு அந்த ரெண்டு வருஷம் திருவிழா, ஃபேக்டரியில இருந்தவனுக்குக் கெட்ட கனவு.

1982-ல ஜப்பானுக்குள்ள மட்டும் 32 லட்சத்துக்கு மேல பைக் வித்துச்சு. இப்ப அதுல எட்டுல ஒரு பங்கு பக்கம் வந்தாலே பெருசு. ஹமமட்சு, ஹோண்டா பொறந்த ஊரு, 2008-ல பைக் வேலை பூராவும் தெக்க குமாமோட்டோவுக்குப் போயிருச்சு. சுசுகாவுல இப்ப கார்தான். சுசூகி 2018-ல தொயோகாவா ஃபேக்டரியை மூடிட்டு ஹமமட்சுவுக்கு வந்துருச்சு. யமஹா எஸ்ஆர்400, 1978-ல வந்தப்ப எப்படி இருந்துச்சோ கிட்டத்தட்ட அப்படியே கிக்கர் மட்டும் வச்சு, செல்ஃப் கூடப் போடாம, 2021 வரைக்கும் இங்க வித்தாங்க. அதுவும் முடிஞ்சது. 50 சிசி சூப்பர் கப்பும் 2025 மே மாசம் கடைசி வண்டி. 1958-ல ஆரம்பிச்சது.

ஐம்பதுகள்ல ஹமமட்சுலயே எத்தனை கம்பெனி தெரியுமா, தெருவுக்கு ஒண்ணு. லைலாக்னு ஒண்ணு இருந்துச்சு, சோய்ச்சிரோ கிட்ட வேலை கத்துக்கிட்டவர் ஆரம்பிச்சது, செயினுக்குப் பதில் ஷாஃப்ட் போட்டு அழகழகா பண்ணுச்சு. வேற ஊர்கள்ல தொஹாட்சு, பிரிட்ஜ்ஸ்டோன், மெகுரோ, மியாட்டா... பிரிட்ஜ்ஸ்டோன் டயர்க் கம்பெனியேதான், பைக்கும் பண்ணாங்க, நல்ல பைக்கு. நாலு பேர்தான் மிஞ்சினாங்க.

சாயங்காலம் வேலை முடிஞ்சு போகும்போது ஒரு பழைய சோபா கடை தாண்டித்தான் போவேன். வாசல்ல ஒரு பழைய கப் நிக்கும், பின்னாடி டெலிவரிக்குன்னு ஸ்பிரிங் வச்ச தொங்கற ஸ்டாண்டு, குழம்பு சிந்தாம இருக்க. அந்த ஸ்டாண்டு வந்தப்புறம் இடது கையில தூக்கற வேலையே இல்ல. ஆனா சுவிட்ச் வலது பக்கம்தான் இருக்கு.

மண்ணெண்ணைப்_பொடியன்

இளங்கோ அண்ணை, அந்த வலது பக்கச் சுவிட்ச் அங்கை இப்பவும் எடுக்கலாமோ? பழசெண்டாலும் பறவாயில்லை. காசு அனுப்புறன்.

இவாட்டா_இளங்கோ

பழைய பார்ட்ஸ் விக்கிற கடை ஒண்ணு இருக்கு, சனிக்கிழமை போய்ப் பாக்குறேன். ஹேண்டில்ல இருந்து வர்ற வயர் கலரும் கனெக்டர் எத்தனை பின்னுன்னும் போட்டோ எடுத்துப் போடுங்க. 6 வோல்ட்டா 12 வோல்ட்டான்னும் சொல்லுங்க, வருஷத்துக்கு வருஷம் மாறும்.

லேத்து_மாமா

கெடைக்கலீன்னா உடைஞ்சதையே அனுப்புங்க கண்ணு, உள்ள இருக்கற பித்தளைத் தகடு மட்டுந்தான் தேஞ்சிருக்கும். வெட்டிப் போட்டுறலாம். காசு வேண்டாம்.

மண்ணெண்ணைப்_பொடியன்

மாமா, அண்ணை, ரெண்டு பேருக்கும் என்ன சொல்றதெண்டு தெரியேல்லை. 6 வோல்ட்தான், படம் நாளைக்குப் போடுறன், கராஜ் பொடியன் பழைய சுவிட்சை எறியேல்லை, நல்ல காலம்.

அப்பாட்டை முழுக்கதையும் சொன்னன். வெந்நீர் டப்பா, பைன் வேர் எண்ணை எல்லாம். மண்ணெண்ணை விசயத்துக்கு "அப்ப அவங்களும் போத்தலிலை பெற்றோல் வைச்சிருந்தவங்களோ" எண்டு கேட்டார், எனக்குத் தெரியேல்லை எண்டன். பிறகு நூடுல்ஸ் கடைப் பொடியன் இடது கையிலை பெட்டி தூக்கிக்கொண்டு ஒத்தைக் கையாலை ஓடின கதையைச் சொன்னன். கொஞ்ச நேரம் பேசேல்லை. பிறகு,

"நான் ரெண்டு தரம் தேத்தண்ணிப் போத்தலோடை ஓடி விழுந்தனான். அவன் விழேல்லையாமோ?"

எண்டு மட்டும் கேட்டார்.

பஞ்சர்_பாண்டி

அப்பாவுக்கு ஒரு ஐடி போட்டுக் குடுத்துருங்கண்ணே.